ஓரம் சொல்பவள்

பதில் சீக்கிரம் வந்துவிட்டது. அதுதான் முதலில் உறுத்தியது.

அவன் "கீழே!" என்று குரல் கொடுத்து வாயை மூடுவதற்குள், கீழிருந்து "ஓரம்" என்று வந்தது. கொஞ்சம் இழுத்து, கடைசியில் சலித்துக்கொண்டு இறங்கும் "ஓரம்". கை பழக்கத்தில் ரம்பத்தை அழுத்திவிட்டது. மணிக்கட்டுப் பருமனுள்ள காய்ந்த கிளை முறிந்து, வழியில் எதிலோ மோதி இரண்டாகி, கொல்லையில் விழுந்து புழுதி கிளப்பியது. நனைந்து காய்ந்த பழைய செய்தித்தாள் கட்டைப் பிரித்தது போன்ற வாசம் மூக்கில் ஏறியது.

அதற்கப்புறம்தான் வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் பூட்ஸ் சத்தம் கேட்டது. மகள் ஓடி வந்தாள். மஞ்சள் ஹெல்மெட் இலைகளுக்கு நடுவே ஒரு நொடி தெரிந்து மறைந்தது.

"அப்பா! நான் வர்றதுக்குள்ள எதுக்கு வெட்டின?"

"நீதானே ஓரம்னு சொன்ன?"

"நானா? நான் முன்னாடி டீச்சர்கிட்ட காரை நகர்த்தச் சொல்லிட்டு இருந்தேன். அவங்க சாவியத் தேடறாங்க. தேடறாங்க தேடறாங்க, அப்படித் தேடறாங்க."

"அப்ப யாரு சொன்னது?"

"உன் பசி சொல்லியிருக்கும். காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடாம குரங்கு மாதிரி தொங்கினா அசரீரி எல்லாம்தான் கேக்கும்."

அவன் சிரிக்கவில்லை. காது மூடியின் இடது பக்கத்தைத் தூக்கிவிட்டுக் கேட்டுப் பார்த்தான். காற்று. பக்கத்து வீட்டில் யாரோ துணியை உதறும் சத்தம். வேறு ஒன்றும் இல்லை.

தொழிலில் அவனை உடும்பு என்பார்கள். மரத்தில் ஒட்டினால் பிடியை விடமாட்டான் என்பதற்காக அவன் மனைவி வைத்த பெயர். நாளடைவில் வேலைக்குக் கூப்பிடுகிறவர்களும் அதையே சொன்னார்கள். அன்று ஏறியது ஓய்வுபெற்ற ஒரு டீச்சரின் வீட்டுக் கொல்லையில். அங்கே இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள், தோளோடு தோள் நிற்பதுபோல. ஒன்று பச்சையாக இருந்தது. இன்னொன்று போன வருடமே பட்டுப்போய், வேரடியில் தட்டுத் தட்டாகக் காளான் தள்ளி நின்றது. அதன் பெரிய கிளை பின்னறையின் ஓட்டுக்கு மேலே நீண்டிருந்தது. அந்த அறையில் டீச்சரின் கணவர் படுத்த படுக்கையாக இருந்தார். ஜன்னல் வழியாக அவருக்கு அந்தக் கிளைதான் நாள் முழுக்கத் தெரியும் என்று டீச்சர் காலையில் சொன்னாள். "எப்ப விழும்னு எண்ணிக்கிட்டே படுத்திருக்கார்."

பட்ட மரத்தை நம்பி ஏறக் கூடாது. மேலே தோல் கெட்டியாக இருக்கும், உள்ளே மாவாக இருக்கும். அதனால் அவன் ஏறு கயிற்றைப் பச்சை மரத்தின் உயரமான கவட்டையில் போட்டிருந்தான். முதலில் மெல்லிய நூலில் கட்டிய மண்பையைச் சுழற்றி எறிந்து, அதன் பின்னால் கயிற்றை ஏற்றி, பிறகு அவனும் மகளும் சேர்ந்து அதில் தொங்கி ஆடிப் பார்த்தார்கள். கவட்டை முனகவில்லை. பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் முடிச்சைத் தள்ளித் தள்ளி மேலே போனான். எடை முழுக்கப் பச்சை மரத்தில். பட்ட மரத்தில் காலை ஊன்றுவதோடு சரி. உயிர் இருப்பதில்தான் உயிரைக் கட்ட வேண்டும். இதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. பார்த்த சாவுகளே போதும்.

பச்சை மரத்தின் இலைக்கூட்டம் அவனுக்கும் தரைக்கும் நடுவே கூரைபோல் அடைத்திருந்தது. கீழே நடப்பது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து எட்டிப் பார்க்கிறவன் அதிக நாள் இந்த வேலையில் இருக்கமாட்டான். மேலே இருப்பவன் "கீழே!" என்பான். கீழே இருப்பவள் சுற்றிலும் பார்த்து, தானும் ஒதுங்கி நின்று, "ஓரம்" என்பாள். அந்தச் சொல் வராமல் ரம்பம் ஓடாது. வந்துவிட்டால் யோசிக்காமல் ஓடும். கண்ணை நம்பாதே, சொல்லை நம்பு. அவனும் மனைவியும் கல்யாணமான புதிதில் போட்டுக்கொண்ட ஏற்பாடு அது.

மற்றவர்கள் விசில் வைத்திருந்தார்கள். அவனும் ஒன்று வாங்கி வந்தான்.

"விசில் ஊதறதுக்கு நான் என்ன பஸ் கண்டக்டரா?" என்று அவள் அதைக் கத்தரிக்காய்த் தோட்டத்தில் வீசினாள். "வாய் இருக்கு. சொல்றேன்."

அந்த வாய்தான் எல்லா மரத்தடியிலும் நின்றது. கையுறையும் போடமாட்டாள். கயிறு கையோடு பேச வேண்டுமாம். மாலையில் வீட்டுக்குப் போய், சிவந்த உள்ளங்கையில் தைலம் தேய்த்துக்கொள்வாள். அவளுக்கு முதுகுவலி வந்த ஒரு வாரம் அவன் வேறொரு பெண்ணைக் கீழே நிறுத்தியபோது, படுத்தபடியே சொன்னாள்: "யோவ் உடும்பு, என் எடத்துல வேற யாரையாவது நிக்க வெச்ச, அப்புறம் தெரியும் சேதி." சொல்லிவிட்டுச் சிரித்தாள். முதுகு வலித்ததால் பாதியில் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

காய்ச்சலில் போனாள். கடைசி இரவு ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறக்காமலே "ஓரம்... ஓரம்..." என்றபடியே இருந்தாள். யாரை ஒதுங்கச் சொல்கிறார்கள் என்று நர்ஸ் கேட்டாள். யாரையும் ஒதுங்கச் சொல்லவில்லை. பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். "கீழே" என்று ஒரு தடவை அவனும் சொல்லியிருக்கலாம். அடுத்த கட்டிலில் ஆட்கள் இருந்தார்கள். கூச்சமாக இருந்தது.

அடுத்த கிளைக்கு நகர்ந்தான். பட்டை ஈர அட்டைபோல் கையோடு உரிந்து வந்தது. அடியில் எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு திசை தெரியாமல் ஓடின. மேற்கே மேகம் திரண்டிருந்தது. மதியம் திரும்பி அதிக நேரம் ஆகவில்லை, அதற்குள் வெளிச்சம் பழுப்பாகிவிட்டது.

"கீழே!"

"ஓரம்." மகளுடையது. வெட்டினால் விழுவதுபோல் சின்னதாக, நறுக்கென்று. சரி. ரம்பத்தைப் போட்டான். விழுந்தது.

இன்னொன்று.

"கீழே!"

"ஓ...ரம்."

"ஓரம்!"

இரண்டு. ஒன்றன்பின் ஒன்று. முதலாவது கிட்டத்தில். இரண்டாவது தள்ளி.

ரம்பம் கையில் உறுமிக்கொண்டே இருந்தது. அணைத்தான். மரம் முழுக்க ஒரு நடுக்கம் ஓடி அடங்கியது.

"பாப்பா, ரெண்டு வாட்டியா சொன்ன?"

"ஒரு வாட்டிதான்! ஏன், பத்தலையா?"

"டீச்சர் அங்க நிக்கறாங்களா?"

"அவங்க உள்ள ஜன்னல் சாத்தறாங்க. மழை வருதுப்பா. பேசிட்டே இருந்தா நனைஞ்சுக்கிட்டேதான் இறங்கணும்."

வெட்டினான். காது மூடி இரண்டு பக்கமும் இறுக்கமாக இருந்தது. ரம்பம் முழு வேகத்தில் அலறியது. அந்த அலறலுக்கு உள்ளே, மூடியிருந்த வலது காதுக்குள், மூச்சுக்காற்று படும் தூரத்தில், அவன் கேட்காமலே அது இன்னொரு முறை வந்தது. ஓ...ரம்.

இறங்கியிருக்க வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. முடிச்சைத் தளர்த்தினால் இருபது மூச்சில் தரை. மகளைக் கூட்டிக்கொண்டு, கயிற்றைச் சுருட்டி வண்டியில் போட்டுவிட்டு, டீச்சரிடம் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பெரிய கிளையின் அடியில் முதல் வெட்டு போட்டாகிவிட்டது. காற்று வந்தால் அது தானாகக் கிழிந்து ஓட்டைப் பிளந்துகொண்டு கிழவரின் கட்டில்மேல் இறங்கும். இந்தக் காரணத்தைத் தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டான். உண்மையான காரணம்தான். ஆனால் அதற்காக மட்டும் அவன் அங்கே நிற்கவில்லை.

ரம்பத்தை பெல்ட்டில் மாட்டினான். வெட்ட எதுவும் இல்லை. கை வெறுமனே இருந்தது.

"கீழே," என்றான். கத்தவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்க வேண்டிய அளவுக்கு.

"ஓ...ரம்."

இலைகளுக்கு அடியிலிருந்து. அதே சலிப்பு. சமையலறையிலிருந்து 'வர்றேன்யா, கத்தாதே' என்பதுபோல. அவன் பட்ட மரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டான். காளான் வாசம் போய்த் தைல வாசம் வந்தது.

"கீழே."

"ஓ...ரம்."

"கீழே."

"ஓ...ரம்."

செத்ததில் எடையைப் போடக் கூடாது. தெரியும். போட்டான். அழுகை வந்தது, ஹெல்மெட் வாரில் வழிந்து தாடையில் அரித்தது.

"அப்பா, என்னப்பா வேணும்?" மகளின் குரல் நேர் கீழேயிருந்து வந்தது.

நேர் கீழே.

"எங்க நிக்கற?" என்று அலறினான். "அடியில என்ன பண்ற?"

"நீதானே கூப்பிட்ட?"

"நான் கூப்பிடல!"

"பாப்பா, இங்க வாம்மான்னு..." அவள் நிறுத்தினாள். "கூப்பிட்டல்ல?"

அவள் தன்னைச் சுற்றித் திரும்பிப் பார்ப்பதை அவனால் கேட்க முடிந்தது. சருகு மிதிபட்டது. நின்றது. மறுபடி மிதிபட்டது.

"பாப்பா, பச்ச மரத்துப் பக்கம் போ. கயித்துகிட்ட. போய் முதுகை மரத்துல ஒட்டி நில்லு."

"நின்னாச்சு."

"யார் கூப்பிட்டாலும் நகராத. நான் கூப்பிட்டாலும் நகராத. புரியுதா?"

"அப்பா, பயமுறுத்தாதப்பா."

"இனிமே ஓரம்னு சொல்லாத. நான் கீழேன்னா நீ சரின்னு சொல்லு. சரி மட்டும்தான். அத மட்டும்தான் நான் கேப்பேன்."

"சரி," என்றாள். பிறகு, பயத்தை மறைக்கத்தான், "நல்லாப் படிச்சு மனப்பாடம் பண்ணிக்கறேன்," என்றாள்.

அவனும் கொஞ்சம் சிரித்தான். சிரித்து முடித்தபோது உறைத்தது. சொல்லை ரகசியமாகச் சொல்லவில்லை. மேலிருந்து தொண்டை கிழியக் கத்தியிருக்கிறான். கீழே நின்றவள் கேட்டாள். கீழே வேறு யார் நின்றாலும் கேட்டிருப்பார்கள்.

பெரிய கிளைக்கு வழிவிட, இடையில் தடையாக ஒரு கிளை இருந்தது. தொடைப் பருமன். அதைக் கயிறு கட்டாமல் நேராகப் போடலாம். கீழே காலி இடம்தான். இடி எங்கோ உருண்டது. வெளிச்சம் இன்னும் இறங்கியது. பச்சை மரத்தின் இலைகள் ஒன்றிரண்டு மடியத் தொடங்கியதைப் பார்த்தான். அந்தி வந்துவிட்டதென்று மரம் நினைத்துக்கொண்டது போல.

"கீழே!"

"சரி." நறுக்கென்று. மகளுடைய குரல்.

பொறுத்தான்.

"கீழே!"

"சரி."

மகளேதான். சந்தேகமில்லை. வெட்டினான். கிளை பிய்ந்து தலைகீழாகத் திரும்பிப் போனது. விழுந்த சத்தம் எதிர்பார்த்ததைவிட மெத்தென்று இருந்தது. முன்பு விழுந்த சுள்ளிகளின் குவியல்மேல் விழுந்திருக்கும். அப்படித்தான் இருக்கும்.

"பாப்பா?"

"சரி."

நல்லது.

பெரிய கிளை. இறக்கு கயிற்றை அதன் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டான். அந்தக் கயிறு பச்சை மரத்தில் அவன் மாட்டியிருந்த கப்பி வழியாகக் கீழே போய், அடிமரத்தில் சுற்றி, மீதி மகளின் கையில் இருக்கும். வெட்டினதும் கிளையின் கனம் முழுக்கக் கயிற்றுக்கு வரும்; கீழே இருப்பவள் விரல் விரலாக விட்டு இறக்க வேண்டும். மகள் இன்னும் அதில் பழகவில்லை. அவள் இறக்கினால் வண்டி பள்ளத்தில் விழுந்து எழுவதுபோல் குலுங்கிக்கொண்டு வரும். கடைசியில் தொம்மென்று போடுவாள். "எப்படியும் விறகுதானே," என்பாள்.

"கயிறு பிடிச்சாச்சா?"

"சரி."

"இழுத்துப் பாரு."

கயிறு இறுகியது. கப்பி ஒரு தடவை முனகியது. இறுக்கம் சரியாக இருந்தது. அளவாக.

"கீழே!"

"சரி."

ரம்பம் நுழைந்தது. ஓட்டுக்கு மேலே நீண்டிருந்த அத்தனை கனமும் சத்தமில்லாமல் மரத்தைவிட்டு விலகி, கயிற்றில் அமர்ந்தது. உதறல் இல்லை. ஊஞ்சலில் ஏறி உட்கார்வதுபோல் உட்கார்ந்தது. ஓட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, நகத்தளவுகூட உரசாமல், ஆடி நின்றது. பிறகு இறங்கியது. மெதுவாக. எண்ணெயில் இறங்குவதுபோல. அவன் வருடக்கணக்காகப் பார்த்து, அதற்குப்பின் பார்க்காமலே போன ஓர் அழகு அது. பாதி உயரத்தில் கயிறு ஒரு மூச்சு நின்றது. மறுபடி போனது. இந்தப் பெண் எப்போது இதைக் கற்றுக்கொண்டாள்?

கிளை இலைகளுக்குள் மறைந்தது. தரைக்கு ஒரு சாண் மேலே இருக்கும் என்று அவன் கணக்குப் போட்ட இடத்தில் கயிறு மறுபடி நின்றது. நின்று, தூங்கும் பிள்ளையைப் பாயில் விடுவதுபோல், ஓசையில்லாமல் விட்டது.

அந்தச் சாண் அவன் மனைவியுடையது.

அந்தச் சாணை மகள் பார்த்ததே இல்லை. அவள் அம்மாவோடு ஒரு நாளும் வேலைக்கு வந்ததில்லை.

"பாப்பா."

"சரி."

"பாப்பா, உன் கையில என்ன இருக்கு?"

"சரி."

"அம்மா பேர் என்ன, சொல்லு."

"சரி."

மழையின் முதல் துளி கழுத்தில் விழுந்தது. இருட்டிக்கொண்டு வந்தது. பச்சை மரம் தூங்கத் தொடங்கியிருந்தது. கிளை கிளையாக, இலைகள் ஜோடி ஜோடியாகக் கைகூப்பி மடிந்தன. இலைக்கூரை மெலிந்தது. ஓட்டைகள் விழுந்தன. முதன்முதலாக அவனுக்குத் தரை தெரிந்தது.

பச்சை மரத்தின் அடி. அதைச் சுற்றிய கயிறு. சுற்றிலிருந்து புறப்பட்டு, இடுப்பு உயரத்தில், கம்பிபோல் விறைத்து நிற்கும் கயிற்றின் வால். அதன் முனை காற்றில். அங்கே யாரும் இல்லை.

கொல்லைக் குழாயடிவரை உருண்டுபோன மஞ்சள் ஹெல்மெட்.

பட்ட மரத்துக்கு நேர் கீழே, தொடைப் பருமனில் ஒரு கிளை. கயிறு கட்டாமல் போட்டது. மகளுடைய "சரி" என்று நம்பிப் போட்டது. அதன் இந்தப் பக்கம் ஒரு கையுறை. அந்தப் பக்கம் இரண்டு பூட்ஸ். அடிப்பாகம் அவனைப் பார்த்து. ஒன்றில் நாடா அவிழ்ந்திருந்தது.

அசையவில்லை.

கை ஏறு கயிற்றைத் தேடியது. பிடித்தது. முடிச்சு நகரவில்லை. விரல் நகரவில்லை. வாய் மட்டும் நகர்ந்தது. பழக்கம்.

"கீழே..."

"ஓ...ரம்."

"ஓரம்."

ஒன்று இழுத்து, சலித்து. ஒன்று நறுக்கென்று. இரண்டும் சேர்ந்து. ஒரே இடத்திலிருந்து.

கீழே இறக்கிய கிளையின் கழுத்தில் முடிச்சு தானாக அவிழ்ந்தது. கயிற்றின் வால் கீழ்நோக்கிப் போனது. ஓர் இழுப்பு, ஒரு நிறுத்தம். ஓர் இழுப்பு, ஒரு நிறுத்தம். நான்கு கைகள் மாறி மாறி இழுக்கும் சீர். மழையில் கப்பி சுழன்றது. அவிழ்ந்த முனை மடிந்த இலைகளுக்கு நடுவே ஆடிக்கொண்டே மேலே வந்தது. தைலம் மணக்க வந்தது. அவன் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

அடுத்ததைக் கட்டச் சொல்லி.